சிறிய பசுமைக்குடிலில் நாற்றழுகல்: காற்றோட்டம் குறித்து ஆலோசனை வேண்டும்

குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். இரும்புக் குழாய்ச் சட்டத்தின் மேல் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறை போர்த்திய, இடம் மாற்றிக்கொள்ளக்கூடிய சிறிய பசுமைக்குடில் ஒன்றில், தக்காளி, மிளகாய், கத்தரி விதைகளைத் தென்னை நார்க்கழிவு நிரப்பிய குழித்தட்டுகளில் விதைத்திருக்கிறேன். முளைப்பு நன்றாகவே இருக்கிறது. சிக்கல் அதன் பிறகுதான் தொடங்குகிறது.

காலையில் உறையின் உட்புறம் முழுவதும் நீர்த்துளிகள் கோத்து நிற்கின்றன. தண்டு நார்க்கழிவைத் தொடும் இடத்தில் நூல்போல் மெலிந்து பழுப்பேறி, இலை பச்சையாக இருக்கும்போதே நாற்று சாய்ந்துவிடுகிறது. பித்தியம், ரைசக்டோனியா போன்ற நோய்க்கிருமிகளால் வரும் நாற்றழுகலுக்கு உரிய அறிகுறி இது. ஈரம் குறையட்டும் என்று உறையின் ஜிப்பைத் திறந்து வைத்தால் இரவில் வெப்பம் இறங்கிவிடுகிறது. மூடி வைத்தாலோ, வெயில் ஏறியதும் உள்ளே 35 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடுகிறது. இவ்வளவு குறைந்த காற்றுக் கொள்ளளவில் வெப்பம் விரைவாக ஏறி இறங்குவது இயல்புதான் என்றாலும், இளம் நாற்றுகள் அதைத் தாங்குவதில்லை.

இத்தகைய குடிலைப் பயன்படுத்துவோர், ஜிப்பை எந்த நேரத்தில் எவ்வளவு திறக்கிறீர்கள் என்பதையும், சிறு மின்விசிறி வைத்ததால் அழுகல் குறைந்ததா என்பதையும் தயவுசெய்து தெரிவியுங்கள். மேலிருந்து தெளிப்பதை நிறுத்தி, தட்டின் அடியிலிருந்து நீர் உறிஞ்ச விடலாம் என்று எண்ணுகிறேன். நார்க்கழிவில் அது அளவுக்கு மீறிய ஈரத்தைத் தேக்குமா? குடிலின் கீழ் அடுக்கில் உள்ள நாற்றுகள் வெளிச்சம் போதாமல் நெட்டையாக வளர்வதைத் தடுக்க, தட்டுகளை இடம் மாற்றுவது தவிர வேறு வழி உண்டா?

நடவுக்கு முன் 7 முதல் 10 நாட்கள் வெளிச்சூழலுக்குப் பழக்க வேண்டும் என்பதால், பிழைத்திருக்கும் நாற்றுகளையாவது அதற்குள் காப்பாற்ற விரும்புகிறேன்.