மோஹாவே பாலை: ஒரே கிரானைட் வண்டலில் மூன்று மண், எப்படிப் பிரிப்பது?

மணற்குழி கேட்டது:

இடம் கலிபோர்னியா, விக்டர்வில் பக்கம். மோஹாவே ஆற்றை ஒட்டி மலையடிவாரத்திலிருந்து சரிந்து வரும் விசிறி வண்டல் நிலம். மண் வரைபடத்தைப் பார்த்தால் பக்கத்துப் பக்கத்திலேயே மூன்று மண் தொடர்கள் (ஒரே மாதிரி அடுக்கமைப்புள்ள மண்ணுக்கு வைக்கும் பெயர்) வருகின்றன: காஹோன், ஹெலண்டேல், பிரைமன். மூன்றின் விவரக் குறிப்பிலும் மூலப்பொருள் ஒன்றுதான், கிரானைட் வகைப் பாறையிலிருந்து வந்த வண்டல். ஆனால் காஹோன் அடிவரை மணல். ஹெலண்டேலில் கீழே லேசாகக் களி ஏறியிருக்கிறது, பிரைமனில் அது நன்றாகவே தெரிகிறது. பல இடங்களில் அதற்கும் கீழே வெள்ளைச் சுக்கான், அதாவது சுண்ணாம்புப் படிவு.

பாறை ஒன்றாக இருக்கும்போது மண் ஏன் மூன்றாகிறது? கிரானைட்டில் சுண்ணாம்புச் சத்து கம்மி என்றுதான் படித்திருக்கிறேன், அப்படியானால் இந்தச் சுக்கான் எங்கிருந்து வந்தது? குழி வெட்டினால் எதை வைத்துப் பிரிப்பது? ஹைட்ரோமீட்டரில் (மண்ணைத் தண்ணீரில் கலக்கி, துகள் படியும் வேகத்தை வைத்துக் களியை அளக்கும் கருவி) களி 9 சதவீதம்தான் வருகிறது, கையில் பிசைந்தால் அதைவிட அதிகமாக ஒட்டுகிறது. இதில் எதை நம்புவது?

ஓடைக்கரை:

பாறையை ஓரமாக வையுங்கள். இங்கே பார்க்க வேண்டியது நிலமுகத்தின் வயது.

கிரானைட் உடையும்போது களி ஆவதில்லை. அதிலுள்ள பயோடைட் என்ற கருப்புக் காக்காப்பொன், ஈரம் பட்டுப் பட்டு உப்பும். அந்த உப்பல்தான் பாறையை உள்ளிருந்து பிளக்கிறது. குவார்ட்ஸும் பெல்ட்ஸ்பாரும் தனித்தனி மணியாக, பெரும்பாலும் 2 முதல் 5 மில்லிமீட்டர் அளவில் உதிரும். இதை கிரஸ் என்பார்கள். காட்டாற்று வெள்ளம் அதை அள்ளிவந்து விசிறியில் கொட்டுகிறது. ஆக, கொட்டிய புதிதில் அந்த வண்டலில் களி கிட்டத்தட்ட இல்லை. காஹோன் இன்னும் அந்த நிலையிலேயே இருக்கும் மண். ஓடைக்குப் பக்கத்தில், இளம் விசிறிகளில் கிடைக்கும். வகைப்பாட்டில் டிப்பிக் டோரிப்சாமென்ட், அதாவது வறண்ட, அடுக்கு உருவாகாத மணல்.

வெள்ளம் எட்டாமல் சில ஆயிரம் ஆண்டுகள் கிடந்த முகத்தில் வேறு வேலை நடக்கிறது. வறண்ட ஏரிப் படுகைகளிலிருந்து காற்று தூக்கிவரும் தூசு மேலே படிகிறது. அதில் நுண்களியும் உண்டு, சுண்ணாம்பும் உண்டு, உப்பும் உண்டு. எப்போதோ பெய்யும் மழை மூன்றையும் கீழே இறக்குகிறது. களி முதலில் நிற்கும், சுண்ணாம்பு அதற்குக் கீழே, கரையும் உப்பு இன்னும் கீழே. ஹெலண்டேலும் பிரைமனும் இந்த வழியில் போனவை. இரண்டுமே டிப்பிக் ஹேப்லார்ஜிட், அதாவது வறண்ட, களி அடுக்கு உருவான மண். முதலாவதின் களி அடுக்கில் களி 18 சதவீதத்துக்குக் கீழ், இரண்டாவதில் 18க்கும் 35க்கும் இடையில். வகைப்பாட்டில் அவற்றைப் பிரிக்கும் கோடு இதுதான்.

சுக்கானுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள், விஷயம் தெளிவாகிவிடும். ஒரு சதுர மீட்டர் பரப்பு, ஒரு மீட்டர் ஆழம், எடை 1,500 கிலோ என்று வையுங்கள். அதில் 10 சதவீதம் சுண்ணாம்புக் கார்பனேட் என்றால் 150 கிலோ. கால்சியம் ஆக்சைடாக மாற்றினால் 84 கிலோ. கிரானைட்டில் அது 1.8 சதவீதம் என்று எடுத்தால், அவ்வளவு கால்சியத்துக்கு சுமார் 4,670 கிலோ பாறை, அதாவது ஏறக்குறைய 1.75 மீட்டர் கனமுள்ள கெட்டிப் பாறை, முழுவதுமாகச் சத்து இழந்திருக்க வேண்டும். ஆனால் குழியில் பெல்ட்ஸ்பார் மணிகள் கண்ணாடி மாதிரி புதிதாகவே கிடக்கின்றன. உங்கள் பக்கத்துப் பாறை குவார்ட்ஸ் மான்சோனைட் வகையாக இருந்து கால்சியம் இரண்டு மடங்கு இருந்தாலும் கணக்கு இடிக்கத்தான் செய்யும். சுக்கான் பெரும்பாலும் வானத்திலிருந்து, தூசாகவும் மழையில் கரைந்தும் வந்தது. நியூ மெக்சிகோவில் லாஸ் குரூசஸ் அருகே 1957இல் தொடங்கிய பாலைநில ஆய்வு இதைத்தான் காட்டியது. பிறகு ஸ்ட்ரான்ஷியம் ஐசோடோப் ஆய்வுகளும் அதை உறுதி செய்தன.

சுக்கான் எந்த ஆழத்தில் நிற்கும் என்பதும் கணக்குதான். அங்கே ஆண்டு மழை 100 முதல் 150 மில்லிமீட்டர். காய்ந்த மணல் தன் கன அளவில் 8 சதவீதம் நீர் பிடிக்கும் என்றால், 10 மில்லிமீட்டர் மழை 12 செ.மீ. இறங்கும், 25 மில்லிமீட்டர் மழை 30 செ.மீ. இறங்கும். ஈரம் நின்று காயும் இடத்தில் சுண்ணாம்பு தங்கிவிடும். ஒரு விரற்கடை ஆழத்திலேயே கெட்டிச் சுக்கான் வந்தால் மேல்மண் அரித்துப் போயிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

செம்புலம்:

ஓடைக்கரை சார் சொன்னது சரி, ஒன்று மட்டும் சேர்க்கிறேன். களி முழுவதும் தூசு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்றைய மழையை மட்டும் வைத்து பிரைமன் மாதிரி மண்ணை விளக்குவது கஷ்டம். பனியுகக் காலத்தில் அந்தப் பகுதி இதைவிட ஈரமாக இருந்தது. மோஹாவே ஆறே அப்போது மானிக்ஸ் என்ற பெரிய ஏரியை நிரப்பியது. அந்த ஈரத்தில் காக்காப்பொன் வெர்மிகுலைட்டாக மாறியிருக்கும், சோடியம்-கால்சியம் பெல்ட்ஸ்பாரும் ஓரளவு சிதைந்திருக்கும். செந்நிறத்துக்கும் அந்தக் காக்காப்பொன்னின் இரும்பு ஒரு காரணம்.

இனி குழிக்கு வருவோம். 1.5 மீட்டர் ஆழம் வெட்டுங்கள். வெயில் படும் பக்கத்துச் சுவரைக் கத்தியால் சுரண்டி, மண்வெட்டி தேய்த்த பூச்சை எடுத்துவிடுங்கள். நிறத்தைக் காய்ந்தும் நனைத்தும் மன்செல் நிற அட்டையில் பாருங்கள். அதில் ஒய்.ஆர். என்பது மஞ்சள்-சிவப்பு, முன்னால் உள்ள எண் குறையக் குறையச் சிவப்பு கூடும். இளம் மண் 10 ஒய்.ஆர். பக்கத்தில் நிற்கும், பழைய களி அடுக்கு 7.5 ஒய்.ஆர்., சில சமயம் 5 ஒய்.ஆர். வரை சிவக்கும். பிறகு ஒவ்வொரு 10 செ.மீ.க்கும் 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு. நுரை வரத் தொடங்கும் ஆழத்தைக் குறியுங்கள். கல்லில் விடும்போது அடிப்பக்கத்தில் விடுங்கள். ஈரம் கல்லின் அடியில் தொங்கி நின்று காய்வதால் சுண்ணாம்பு முதலில் அங்கேதான் பூச்சாகப் படியும். மேல்பக்கம் சுத்தமாக, அடிப்பக்கம் மட்டும் மெல்லிய வெள்ளைப் பூச்சு என்றால் முதல் நிலை. கல்லைச் சுற்றிலும் பூச்சு என்றால் இரண்டாம் நிலை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே முழுக்க அடைத்துக்கொண்டால் மூன்றாம் நிலை. அதற்கு மேல் ஏடு ஏடாகத் தகடு படிந்தால் நான்காவது. சரளை அதிகமுள்ள வண்டலில் இடைவெளி கம்மி, அதனால் அங்கே நிலைகள் சீக்கிரம் முன்னேறும். மணல் நிலத்தையும் சரளை நிலத்தையும் ஒரே தராசில் வைத்து வயது சொல்லக் கூடாது.

பாலைத் தரையில் கல் பாவியதுபோல் இருக்கிறதா என்று பார்த்து வயது சொல்லும் பழக்கமும் இங்கே பலிக்காது. பசால்ட் நிலத்தில் அது நல்ல அடையாளம். கிரானைட் கல் மேலே கிடந்தே உதிர்ந்து மணலாகிவிடும், அதனால் எவ்வளவு பழைய விசிறியாக இருந்தாலும் தளம் இறுகாது. பிராவிடன்ஸ் மலையடிவாரத்தில் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும்.

இனி உங்கள் 9 சதவீதம். இந்த மண்ணில் ஆய்வகம் வழுக்கும் இடங்கள் சில உண்டு. சுண்ணாம்பு, களித் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருக்கும். அவை மணலோடும் சில்ட்டோடும் (மணலுக்கும் களிக்கும் இடைப்பட்ட நுண்துகள்) சேர்ந்து சீக்கிரம் கீழே போய்விடும், களி குறைவாகக் காட்டும். நுரை பலமாக வந்த மாதிரியை முதலில் பி.எச். 5 சோடியம் அசிடேட் கரைசலில் வைத்துச் சுண்ணாம்பைக் கரைத்து, கழுவிவிட்டுத்தான் ஹைட்ரோமீட்டருக்குப் போக வேண்டும். மணல் மண் என்பதால் 40 கிராம் போதாது, 100 கிராம் எடுங்கள். களித் துகள்களைப் பிரித்துவிட, லிட்டருக்கு 50 கிராம் சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட் கரைசல் 100 மி.லி., ஓர் இரவு ஊறல், பிறகு கலக்கி ஒரு லிட்டராக்குங்கள். வெறும் கரைசலின் அளவையும் எடுத்துக் கழிக்க மறக்க வேண்டாம்.

இன்னொன்று, உரலில் இடிப்பது. பாதி உளுத்த கிரஸ் துண்டை இடித்தால் சரளை மணலாகிவிடும். சரளை சதவீதம் குறைந்து, மணல் ஏறி, களியின் பங்கும் அதற்கேற்ப மாறும். மரக் கட்டையால் உருட்டி, 2 மி.மீ. சல்லடையில் கையால் தேய்த்துச் சலியுங்கள், போதும்.

கை ஏமாற்றுவதும் உண்டு. நுண்ணிய காக்காப்பொன் விரலில் வழவழ என்று நழுவும், அதைச் சில்ட் என்றோ களி என்றோ எண்ணத் தோன்றும். பத்து மடங்கு லென்ஸில் பார்க்கும்போதும் அதன் பளபளப்பைக் களிப்படலம் என்று குறித்துவிடுகிறார்கள். களிப்படலம் மணல் மணிகளுக்கு நடுவே பாலம் போட்டது மாதிரி, மெழுகு பூசியது மாதிரி, மங்கலாகத் தெரியும். காக்காப்பொன் தட்டையாக மினுங்கும், ஊசி முனையால் நெம்பினால் ஏடாகப் பெயரும். பிசைந்து ரிப்பன் நீட்டிப் பாருங்கள், காக்காப்பொன் ரிப்பன் ஆகாது. உங்கள் கையில் உண்மையாகவே ஒட்டுகிறது என்றால் கையைத்தான் நம்புவேன்.

மணற்குழி:

நன்றி. அசிடேட் செய்யாமல்தான் ஓட்டியிருக்கிறார்கள். மேலடுக்கில் களி 5 சதவீதம், அடுத்ததில் 9. அப்படியே வைத்தாலும் களி அடுக்கு என்று சொல்ல முடியுமா? இன்னொன்று, இந்த நிலத்தில் சொட்டு நீரில் மரம் வைக்க வேண்டும் என்றால் மூன்றில் எந்தப் பகுதி நல்லது?

செம்புலம்:

மேலே 15 சதவீதத்துக்குக் கீழ் என்றால் கீழே 3 சதவீதம் கூடுதல் இருந்தாலே ஆர்ஜிலிக் (களி இறங்கிச் சேர்ந்த அடுக்கு) அளவுகோலில் களி உயர்வு என்ற நிபந்தனை தேறிவிடும். உங்களுக்கு 4 இருக்கிறது. ஆனால் இது மட்டும் போதாது. களி மேலிருந்து இறங்கி வந்ததற்கான தடயம் வேண்டும், அதாவது நான் சொன்ன அந்தப் பாலங்கள். வேறொரு வெள்ளம் கொண்டுவந்த நுண்மணல் படுகையும் இதே எண்ணைக் காட்டும். அப்படிப்பட்ட படுகையின் எல்லை கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும், உள்ளே வண்டல் வரிகள் அழியாமல் தெரியும்.

வரப்பு:

மரம் பற்றி நான் சொல்கிறேன். காஹோன் மண்ணில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு செடிக்குக் கிடைக்கும் நீர் 6 முதல் 8 செ.மீ. அளவுதான். 60 செ.மீ. வேர் ஆழம் என்றால் கையில் இருப்பது சுமார் 40 மில்லிமீட்டர், அதில் பாதி போனதும் தண்ணீர் விட வேண்டும். கோடையில் நாளுக்கு 8 மில்லிமீட்டர் குடிக்கும் மரத்துக்கு அது இரண்டரை நாள். ஒரேயடியாக நிறைய விட்டால் வேரைத் தாண்டி ஓடிவிடும், நைட்ரேட்டையும் கூட்டிக்கொண்டு. சொட்டுவாயை நெருக்கமாக வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி விடுங்கள். ஒரே சொட்டுவாய் என்றால் நனைவது ஒல்லியான தூண்தான், பக்கவாட்டில் பரவாது.

பிரைமனில் நீர் இருமடங்கு தங்கும். ஆனால் களி அடுக்கின் மேல் தண்ணீர் தேங்கும், பாலைத் தண்ணீரின் உப்பு அங்கே சேரும். ஆகவே நீரை இடைவெளி விட்டு, அடுக்கு முழுக்க நனையும்படி விட வேண்டும். நடும் குழியில் களி அடுக்கை மட்டும் கடப்பாரையால் உடைத்துத் திறந்துவிடுங்கள். குழியை வெறும் மணலால் நிரப்பினால் தொட்டியில் தண்ணீர் கட்டியது போல் ஆகிவிடும், எடுத்த மண்ணையே திரும்பப் போடுங்கள். என் ஓட்டு ஹெலண்டேலுக்கு. நீரும் தங்கும், வேரும் இறங்கும்.

தானாக வளரும் செடிக்குக் கணக்கு வேறு. அங்கே மணல்தான் கொடுத்து வைத்தது. மழை ஆழமாக இறங்கிவிடுவதால் வெயில் திரும்ப உறிஞ்ச முடியாது, களி நிலத்தில் மேலேயே நின்று ஆவியாகிவிடும். கிரியசோட் புதர் இளம் மணல் விசிறிகளில் செழிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உரத்தில், பெல்ட்ஸ்பாரும் காக்காப்பொன்னும் இருப்பதால் பொட்டாஷ் பெரும்பாலும் போதும், சோதிக்காமல் போட வேண்டாம். தழைச்சத்து கிட்டத்தட்ட இல்லை. மணிச்சத்து இருந்தாலும் சுண்ணாம்பு பிடித்து வைத்துக்கொள்ளும். இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புக் குறை. இரும்பு சல்பேட்டை மண்ணில் போடுவது வீண், உடனே பூட்டிக்கொள்ளும். இ.டி.டி.எச்.ஏ. வகைக் கீலேட்தான் (இரும்பைப் பூட்டிக்கொள்ளாமல் பிடித்து வைக்கும் சேர்மம்) அந்த பி.எச்.இல் நிற்கும். கந்தகம் போட்டு பி.எச். குறைக்கலாம் என்று யாராவது சொன்னால் முதலில் அமிலச் சொட்டு விட்டுப் பாருங்கள். மேல் 15 செ.மீ.யில் 1 சதவீதம் சுண்ணாம்பு இருந்தாலே ஹெக்டேருக்கு 22 டன்னுக்கு மேல் வருகிறது, அதைக் கரைக்க 7 டன் கந்தகம் வேண்டும். நுரையே வராத காஹோன் மேல்மண்ணில் மட்டும் கந்தகம் யோசிக்கலாம்.

ஓடைக்கரை:

மரம் வைக்கும் முன் டிராக்டர் ஓடும் வழியை முடிவு செய்துவிடுங்கள். பருமணல், நுண்மணல், கொஞ்சம் சில்ட் எல்லாம் கலந்த இந்த மாதிரி மண்தான் அழுத்தினால் அதிகமாக இறுகும், சின்னது பெரியதன் இடுக்கில் போய் அடைந்துவிடும். அமெரிக்க ராணுவத்தின் ஜெனரல் பேட்டன் தொடங்கி, 1942 முதல் 1944 வரை நடந்த பயிற்சி முகாம்களின் டாங்கித் தடங்கள் மோஹாவேயில் இன்றும் தெரிகின்றன. மேல் பொருக்கை உடைத்து வெறுமனே போட்டால் காஹோன் மணல் காற்றில் கிளம்பிவிடும், ஆகவே வரிசையில் மட்டும் கிளறுங்கள்.

வீடோ கொட்டகையோ கட்டுவதாக இருந்தால் இளம் விசிறியில் ஒரு எச்சரிக்கை. வெள்ளச் சேறாக வந்து சட்டென்று காய்ந்த படுகையில் மணிகள் நெருங்கி உட்கார்ந்திருக்காது, இடையில் கொஞ்சம் களியும் உப்பும்தான் முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கும். காய்ந்திருக்கும்வரை கடப்பாரை துள்ளும் அளவுக்குக் கெட்டி. ஒருமுறை ஆழமாக நனைந்தால் முட்டு கரைந்து தரை அப்படியே உட்காரும். கூரைத் தண்ணீரையும் கழிவுநீர்க் குழியையும் அஸ்திவாரத்திலிருந்து தள்ளி வையுங்கள். கட்டும் முன், கலையாத மாதிரி எடுத்து, பாரம் ஏற்றி நனைத்துப் பார்க்கும் ஈடோமீட்டர் (oedometer) சோதனை செய்யச் சொல்லுங்கள்.