கூத்துப் பெட்டி யாருக்கு? வழக்கறிஞர் அம்மாவுடன் எங்கள் அனுபவங்கள்

வில்லியனூரிலிருந்து:

எங்கள் தெருக்கூத்துக் குழுவின் வாத்தியார் காலமாகிக் காரியம் முடிந்த கையோடு, கிரீடம், புஜக்கட்டை, ஆர்மோனியம், மிருதங்கம் அடங்கிய கூத்துப் பெட்டி யாருக்குச் சொந்தம் என்ற சச்சரவு எழுந்தது. தந்தையின் சொத்து என்றனர் பிள்ளைகள். ஊர் ஊராக ஆடிச் சேர்த்த பணத்தில் வாங்கியவை என்றோம் நாங்கள். வழக்கறிஞர் அம்மா, "ஒருவருக்காக மற்றவர் மேல் வழக்குப் போட மாட்டேன்; சேர்ந்து உட்கார்ந்தால் எழுதித் தருகிறேன், அதையும் வேறொரு வழக்கறிஞரிடம் காட்டிக்கொள்ளுங்கள்" என்றார். வாத்தியார் அச்சாரக் கணக்கு எழுதிவைத்த பழைய நோட்டுப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படித்து, பாட்டனார் காலத்துக் கிரீடம் குடும்பத்துக்கு, ஏனையவை குழுவுக்கு என்று பிரித்தார். பிறகு 1860ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ் எங்களைப் பதிவு செய்யச் சொன்னார். ஏழு பேர் வேண்டும். ஆறு பேரே இருந்ததால், விடிய விடிய எங்களுக்குத் தேநீர் போடுபவரை ஏழாமவராகச் சேர்த்தோம். சங்கத்தைக் கலைத்தாலும் மிஞ்சும் சொத்தை உறுப்பினர்கள் பங்கிட்டுக்கொள்ள முடியாது என்ற பிரிவை மட்டும் மூன்று முறை வாசித்துக் காட்டினார். கிரீடம் இன்றும் கூத்துக்கு வந்து, விடிந்ததும் அந்த வீட்டுக்கே திரும்புகிறது. முணுமுணுப்பு முற்றிலும் ஓயவில்லை.

பண்ருட்டியிலிருந்து:

முந்திரிப்பருப்பு வாங்கிய நிறுவனம் ஏழு மாதங்களாகப் பணம் தராமல் இழுத்தடித்தபோது, கடலூர் நீதிமன்ற வளாகத்தில் அவரைச் சந்தித்தேன். சிறு தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி 45 நாள்களுக்கு மேல் தவணை கேட்க இயலாது என்றவர், சரக்கு அனுப்பிய பிறகே நான் சிறு தொழில்களுக்கான 'உத்யம்' அரசுப் பதிவைச் செய்திருந்ததைக் கண்டு, அந்த விற்பனைப் பட்டியல்களுக்கு இவ்வழி உதவாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. வேறு சிலர் நம்பிக்கை அளித்துக் கட்டணம் வாங்கியிருப்பார்கள்.

கடலூர் முதுநகரிலிருந்து:

சொத்தில் என் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட அண்ணன்கள் என்னை வழக்கறிஞர் அம்மாவிடம் அழைத்துச் சென்றனர். அவர்களை வெளியே அமரச் சொல்லிவிட்டு, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு உண்டு என்னும் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தையும், அதை உறுதிசெய்த உச்ச நீதிமன்றத்தின் 2020ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் பொறுமையாக விளக்கி, "தெரிந்து விட்டுக்கொடுத்தால் எழுதுகிறேன், தெரியாமல் வேண்டாம்" என்றார். பதினோரு மாதங்கள் கழித்து அதே அறையில் கையெழுத்திட்டேன், பாகப்பிரிவினைப் பத்திரத்தில்.