குறுக்குப்பாரையா, கடப்பாரைச் சுற்றா?

அனைவருக்கும் வணக்கம்.

இந்த இழை இரண்டு வாரமாக ஓடுகிறது. கொமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கணினியைப் பழுதுபார்க்கும் கையேட்டைத் தமிழில் எழுதும் நண்பர், ஆங்கிலத்தில் குரோபார் எனப்படும் காப்புச்சுற்றுக்கு ஒரே ஒரு தமிழ்ச் சொல்தான் கேட்டார். நாம் பதினான்கு கொடுத்திருக்கிறோம். அவர் பாவம். என் பங்குக்கு நான் பதினைந்தாவதோடு வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், அந்தச் சொல் எதற்குத் தேவைப்படுகிறது என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். 1982இல் 595 டாலருக்கு விற்பனைக்கு வந்த கணினி அது. அதன் மின்சாரம் தனியாக ஒரு கனமான அடாப்டரிலிருந்து வருகிறது. அந்த அடாப்டர் இரண்டு விதமாகக் கொடுக்கும்: 5 வோல்ட் நேர்மின்சாரம் ஒன்று, 9 வோல்ட் மாறுமின்சாரம் ஒன்று. 9 வோல்ட் பக்கம் மின்மாற்றியிலிருந்து நேராக வருவதால் அதில் பெரிய வம்பு இல்லை. வம்பெல்லாம் 5 வோல்ட் பக்கம்தான். அதைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் அடாப்டருக்குள்ளேயே இருக்கிறது. பல அடாப்டர்களில் உள்ளே முழுக்க எபாக்ஸி பிசினை ஊற்றி இறுக்கிவிட்டார்கள். சூடு வெளியேற வழியில்லை, திறந்து பார்க்கவும் வழியில்லை. இத்தனை ஆண்டு வெந்த ரெகுலேட்டர் பழுதாகும்போது பல நேரம் அணைந்துபோவதில்லை, மேலே ஏறுகிறது. 5 வோல்ட் இருக்கவேண்டிய இடத்தில் 6, 7 என்று போகும். கணினிக்குள் இருக்கும் எட்டு நினைவகச் சில்லுகளுக்கு 7 வோல்ட்தான் உச்ச வரம்பு. "38911 பைட் காலி" என்று நீலத் திரையில் வரவேண்டிய வரி வராது. வெறும் கறுப்புத் திரைதான் வரும். நினைவகச் சில்லாவது தேடினால் கிடைக்கும். ஒலிச் சில்லு போனால், அதன் உற்பத்தி நின்று எத்தனையோ காலமாயிற்று.

இதற்கு மருந்துதான் நாம் பெயர் தேடும் சுற்று. 5 வோல்ட் தடத்துக்கும் தரை எனப்படும் 0 வோல்ட் முனைக்கும் நடுவே தைரிஸ்டர் என்ற மின்னணு சுவிட்ச் ஒன்று சும்மா உட்கார்ந்திருக்கும். அழுத்தம் 5.6 வோல்ட்டைத் தாண்டினால் அது விழித்துக்கொண்டு இரண்டையும் நேராக இணைத்துவிடும். அழுத்தம் ஏறத்தாழ ஒரு வோல்ட்டுக்கு விழும். அதன்பின் அளவுக்கு மீறி ஓடும் மின்னோட்டத்தில் ஃப்யூஸ் உருகும். ஆங்கிலத்தில் இதை குரோபார், அதாவது கடப்பாரை, என்கிறார்கள். மின்முனைகளுக்குக் குறுக்கே ஒரு கடப்பாரையைத் தூக்கிப் போட்டால் என்ன ஆகுமோ அதைத்தான் இது செய்கிறது.

> மிகையழுத்தக் குறுஞ்சுற்றுக் காப்பி என்றால் பொருள் முழுமையாக வருகிறது. உவமைச் சொல் அறிவியலுக்கு ஒவ்வாது.

ஐயா, பொருள் முழுமையாக வருகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடைசிச் சொல்லை மட்டும் பார்த்தவர் டம்ளரைத் தேடுவார். அதைவிடப் பெரிய சிக்கல், இந்தச் சொல்லை யாரும் இரண்டாவது முறை சொல்ல மாட்டார்கள். கையேட்டில் இது முப்பது இடத்தில் வருகிறது என்று நண்பர் சொல்கிறார். இவ்வளவு நீளமான சொல்லை முப்பது முறை அச்சடித்தால், பட்டறையில் வேலை செய்பவர் "ப்ரொடெக்ஷன்" என்றே சொல்லிவிட்டுப் போய்விடுவார். இப்போதும் அப்படித்தான் நடக்கிறது. டிவி மெக்கானிக் எவரைக் கேட்டாலும் "செட் ப்ரொடெக்ஷன்ல போயிடுச்சு" என்பார். எந்த விதமான பாதுகாப்பு என்று அந்தச் சொல்லில் தெரியாது. அதைத் தெரியவைக்கத்தானே நாம் உட்கார்ந்திருக்கிறோம்? உவமை ஒவ்வாது என்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. ஆங்கிலத்தில் இருப்பதும் உவமைதான்.

> ஏரிக்குக் கலிங்கு எதுவோ, மின்சுற்றுக்கு இது அதுவே. 'மின்கலிங்கு' என்று வைப்போம்.

சிவகங்கை நண்பரின் இந்த யோசனையைப் படித்தவுடன் எழுந்து நின்று கைதட்டத் தோன்றியது. அப்புறம் உட்கார்ந்து யோசித்தேன். கலிங்கு என்ன செய்கிறது? ஏரி நிறைந்த பிறகு மிகுதியை மட்டும் வெளியே விடுகிறது. ஏரி நிறைந்தபடியே இருக்கிறது. கரையும் பிழைக்கிறது. நம் சுற்று அப்படியா? ஒரு சொட்டு மிகுந்தால் ஏரியையே காலி செய்துவிடுகிறது. தைரிஸ்டர் ஒருமுறை விழித்தால், ஓட்டம் கிட்டத்தட்ட நிற்கும்வரை தூங்காது. அதற்குள் ஃப்யூஸ் போய்விடும்.

ஆனால் கலிங்கு வீண்போகவில்லை. குறித்த அழுத்தத்தைத் தாண்டினால் மட்டும் வழிவிடும் செனர் டயோடைப் போட்டு மிகுதியை மட்டும் தரைக்கு வழித்துவிடும் இன்னொரு வகைச் சுற்று இருக்கிறதே, ஆங்கிலத்தில் கிளாம்ப் என்பது, அதற்கு இது அச்சாகப் பொருந்துகிறது. மிகுதி அதிகமாகிக்கொண்டே போனால் செனர் சூடாகிச் செத்துப்போகும். வெள்ளம் தாங்காமல் கலிங்கு அரித்துக்கொண்டு போவதும் இப்படித்தான். குரோபாரும் கிளாம்பும் ஒன்றில்லை என்பதை இந்த ஒரு உவமையே சொல்லிக்கொடுக்கிறது. யாழ்ப்பாணத்து அக்கா "எங்களுக்குக் கலிங்கு விளங்காது, குளம் வான் பாயுது என்றுதான் சொல்வோம்" என்று எழுதியிருந்தார். அதைத் தனி இழையில் பேசுவோம், அக்கா. இங்கே ஆரம்பித்தால் இந்த மாதம் முடியாது.

கணினியை வெள்ளத்திலிருந்து துண்டித்துவிடும் மூன்றாவது வகையும் உண்டு. அதில் தடத்தில் ஒரு ரிலே இருக்கும். அழுத்தம் ஏறினால் அது இணைப்பை அறுத்துவிடும். கொமடோருக்காக இப்போது பலர் செய்து விற்கும் பாதுகாப்புப் பெட்டிகளில் இந்த வகையும் இருக்கிறது. இதற்குப் புதுச்சொல் வேண்டியதில்லை. மதகை அடைக்கிறது என்று சொன்னால் போதும்.

சரி, நம் சொல்லுக்கு வருகிறேன்.

'கடப்பாரைச் சுற்று' என்று முதலில் எழுதியது நான்தான். இப்போது எனக்கே பிடிக்கவில்லை. கடப்பாரை என்றதும் நமக்குத் தோன்றுவது குழி தோண்டுவது, சுவரை இடிப்பது, கன்னம் வைப்பது. குறுக்கே விழுவது தோன்றாது. ஆங்கிலச் சொல்லைப் பெயர்த்து வைத்தேனே தவிர, அது செய்யும் வேலையைப் பெயர்க்கவில்லை. போதாக்குறைக்கு ஈழத்தில் அதற்குப் பெயரே அலவாங்கு. அக்கா கேட்ட "ஏன் அலவாங்குச் சுற்று என்று வைக்கக்கூடாது?" என்ற கேள்விக்கு என்னிடம் நேர்மையான பதில் எதுவும் இல்லை. போர்த்துக்கீசியத்திலிருந்து வந்தது என்று ஒருவர் மறுத்தார். அப்படிப் பார்த்தால் சாவியையும் ஜன்னலையும் என்ன செய்வது?

என் யோசனை: குறுக்குப்பாரை.

'பாரை' என்றாலே கடப்பாரைதான், அகராதியில் இருக்கிறது. 'குறுக்கு' இங்கே இரண்டு வேலை செய்கிறது. இரு முனைகளுக்குக் குறுக்கே விழுகிறது என்பது ஒன்று. குறுக்குவழி, குறுக்குச்சுற்று என்று மின்னோட்டம் சுருக்கமான பாதையில் ஓடுவதைக் குறிக்க நாம் ஏற்கெனவே புழங்கும் பொருள் இன்னொன்று. ஆங்கிலச் சொல்லில் இந்த இரண்டாவது பொருள் கிடையாது. அதோடு வினைச்சொல்லும் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது: "பாரை விழுந்தது." பட்டறையில் ஒருவர் இன்னொருவரிடம் "அடாப்டர் ஏறிடுச்சு, பாரை விழுந்திடுச்சு, ஃப்யூஸ் மாத்து" என்று சொல்வதை என்னால் கேட்க முடிகிறது. மிகையழுத்தக் குறுஞ்சுற்றுக் காப்பியை அப்படிச் சொல்லிப் பாருங்கள்.

எழுத்துப்பிழைக்கு வழி உண்டு என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கடப்பாரையையே பாதிப்பேர் 'கடப்பாறை' என்று எழுதுகிறார்கள். குறுக்குப்பாறை என்று யாராவது எழுதினாலும் பெரிய மோசமில்லை, ஓடையில் குறுக்கே கிடக்கும் பாறை என்று படித்துக்கொள்வார்கள். தூத்துக்குடி நண்பர் பாரை என்றால் மீன்தான் நினைவுக்கு வருகிறது என்று நிச்சயம் எழுதுவார். எழுதட்டும்.

ஃப்யூஸைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் கையேட்டின் வரையறையில் அது விடுபட்டிருக்கிறது. பாரை மட்டும் போட்டு ஃப்யூஸை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், நானே செய்திருக்கிறேன். வீட்டில் சொந்தமாக ஒரு மின்வழங்கி கட்டினேன். தைரிஸ்டர் சரியாக வேலை செய்தது. ஆனால் ஓட்டத்தை நிறுத்த எதுவும் இல்லை. மின்மாற்றி சூடாகிச் சூடாகி, வார்னிஷ் கருகும் வாடை சமையலறைவரை போய், அம்மா "என்னடா தீயுது?" என்று கேட்ட பிறகுதான் பிளக்கைப் பிடுங்கினேன். தைரிஸ்டர் சில மைக்ரோ நொடிகளில் விழும். ஃப்யூஸ் உருக மில்லி நொடிகள் ஆகும். பாரை சில்லுகளைக் காப்பாற்றுகிறது, ஃப்யூஸ் வீட்டைக் காப்பாற்றுகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் அது ஒரு சுற்று. ஃப்யூஸ் இருக்கவேண்டிய இடம் அடாப்டருக்கும் தைரிஸ்டருக்கும் நடுவே. தைரிஸ்டருக்கு அப்பால் கணினிப் பக்கம் வைத்தால் பயனில்லை.

கையேட்டில் "முதலில் சீரிஸ் பல்பில் போட்டுப் பாருங்கள், பாதுகாப்பானது" என்று ஒரு வரி இருக்கிறது. வீட்டு மின்சாரத்தை ஒரு பல்பு வழியாகவே கருவிக்கு விட்டுச் சோதிக்கும் சீரிஸ் பல்பு நல்ல சொல். ரேடியோ மெக்கானிக்குகள் காலங்காலமாகச் சொல்வது, அதை மாற்றாதீர்கள். ஆனால் அந்த அறிவுரை பாதிதான் சரி. 230 வோல்ட் பக்கம் குறுக்குச்சுற்று இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து காட்டிக்கொடுக்கும். 5 வோல்ட் பக்கம் 7 ஆக ஏறியிருப்பதைக் காட்டாது. அதற்கு, கணினியை இணைக்காமல் 3.3 ஓம், 10 வாட் மின்தடை ஒன்றை 5 வோல்ட்டில் சுமையாக மாட்டி, மல்டிமீட்டரை வைத்து அரைமணி நேரம் பார்க்கவேண்டும். அது ஏறத்தாழ 1.5 ஆம்பியர் இழுக்கும். 4.75க்கும் 5.25க்கும் நடுவே நின்றால் சரி. சுமையில்லாமல் அளந்து 5 காட்டியது என்று நம்பி மாட்டிவிடாதீர்கள், சில அடாப்டர்கள் சூடேறிய பிறகுதான் தங்கள் குணத்தைக் காட்டும். மின்தடையைக் கையால் தொடாதீர்கள், நன்றாகச் சுடும்.

கையேட்டுச் சொற்பட்டியலுக்கு என் வரைவு இது:

குறுக்குப்பாரை: மின்வழங்கியின் அழுத்தம் குறித்த வரம்பைத் தாண்டியவுடன் தடத்தைத் தரையோடு நேராக இணைத்து, முன்னால் உள்ள ஃப்யூஸை உருகவைக்கும் காப்புச்சுற்று. வினை: பாரை விழுதல். இலங்கை வழக்கு: அலவாங்கு.

ஃப்யூஸை 'உருகி' என்று மாற்றவேண்டும் என்பவர்கள் மாற்றிக்கொள்ளலாம், எனக்கு மறுப்பில்லை. அக்கா, 'பாரை' என்று மட்டும் எழுதினால் உங்கள் பக்கத்து மாணவர்களுக்கு மீன் தவிர வேறு ஏதாவது தோன்றுமா? அதை மட்டும் சொல்லுங்கள். செவ்வாய்க்குள் யாரும் மறுக்காவிட்டால் நண்பர் அச்சுக்கு அனுப்பட்டும்.