ஏர் கிளீனர் கப்பில் தண்ணீர்: சாரல் காலத்து அனுபவங்கள்

வயக்காட்டான் (கடையம்)

ஆயில் பாத் ஏர் கிளீனர் (என்ஜினுக்குப் போகும் காற்றின் தூசியை அடிக் கப்பில் உள்ள ஆயிலில் பிடிக்கும் வகை) உள்ள பழைய டிராக்டர் வைத்திருப்பவர்கள் சாரல் காலத்தில் கப்பைக் கழற்றிப் பார்ப்பதுண்டா?

எங்களுடையது அப்பா வாங்கிய மகிந்திரா. கார் பருவ நெல் நடவுக்குத் தொழி அடிக்க (சேற்றுழவுக்கு) எடுத்தால் வெள்ளைப் புகை, இழுவையும் குறைவு. பார்த்தவர்கள் எல்லோரும் டீசல் ஃபில்டரைத்தான் கை காட்டினார்கள். எதற்கும் பார்ப்போம் என்று ஏர் கிளீனர் கப்பை இறக்கினால், ஆயில் கப்பில் உள்ள அளவுக் கோட்டுக்கு மேலே நிற்கிறது. யாரும் கூடுதலாக ஊற்றவில்லை. அப்படியே ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றித் திண்ணையில் வைத்துவிட்டோம். விடிந்து பார்த்தால் அடியில் தெளிந்த தண்ணீர், நடுவில் மோர் நிறத்தில் ஒரு படலம், அதற்கு மேலேதான் ஆயில்.

தண்ணீர் ஆயிலைவிடக் கனம் என்பதால் அடியில் போய் உட்கார்ந்துகொண்டு ஆயிலை மேலே தூக்கிவிடுகிறது. உள்ளே வரும் காற்று நடுக்குழாய் வழியாக இறங்கி, ஆயிலில் மோதித் திரும்பும்போது தூசியை விட்டுவிட்டுப் போக வேண்டும். மட்டம் ஏறிவிட்டால் காற்றோடு ஆயிலும் கம்பி வலையைத் தாண்டி என்ஜினுக்குள் போகிறது.

எனக்குப் புரியாதது வேறு. வண்டி நிற்பது வேப்பமரத்தடியில், கூரை கிடையாது. கார்த்திகை அடைமழையில் அங்கேயே நின்றிருக்கிறது, கப்பில் சொட்டுத் தண்ணீர் இருந்ததில்லை. ஆனி, ஆடிச் சாரலில் மட்டும் இறங்குகிறது. நான் நினைப்பது இதுதான்: காற்று நுழையும் குழாயின் உச்சியில் இருக்கும் ப்ரீ கிளீனர் தொப்பி, மேலிருந்து விழும் மழையை வெளியே வழியவிடும், ஆனால் காற்று போகும் வழி விளிம்புக்கு அடியில் இருக்கிறது. ஆரியங்காவுக் கணவாய்க் காற்று சாரலைப் படுக்கையாக அடித்துக்கொண்டு வரும்போது தொப்பி என்ன செய்யும்? சரியா, இல்லை வேறு காரணமா?


வாய்க்காங்கரை (வீரவநல்லூர்)

எங்களுக்கு மழையே இல்லாமல் தண்ணீர் வந்தது. வாட்டர் சர்வீஸில் விட்டிருந்தோம். அங்கே இருந்த பையன் பிரஷர் கன்னை ப்ரீ கிளீனருக்கு நேராகப் பிடித்துக் கழுவியிருக்கிறான். அப்போதிலிருந்து தொப்பி மேல் சாக்கைக் கட்டிவிட்டுத்தான் கழுவ விடுகிறோம். ஸ்டார்ட் பண்ணும் முன் சாக்கை அவிழ்க்க மறக்கக் கூடாது, அவ்வளவுதான்.


பட்டறை அண்ணாச்சி (முக்கூடல்)

தம்பி, சாரல் படுக்கையாக வரும் என்பது சரி. ஆனால் தொப்பி நல்ல நிலையில் இருந்தால் அந்த வழியாக இறங்குவது கொஞ்சம்தான். மட்டமே ஏறும் அளவுக்கு வந்திருக்கிறது என்றால் இன்னொரு ஓட்டை இருக்கிறது. தொப்பியைத் தாங்கும் குழாயும் ஏர் கிளீனர் உடம்பும் சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே கிளாம்பு லூசாக இருக்கும், இல்லாவிட்டால் ரப்பர் ஓஸ் வெயிலில் காய்ந்து வெடித்திருக்கும். பானட்டை மூடியே வைத்திருப்பதால் யார் கண்ணிலும் படாது. காற்றடிக்கும்போது பானட் மேல் ஓடும் தண்ணீர் அந்தக் குழாயைப் பிடித்து இறங்கும்.

கண்டுபிடிக்க இப்படிச் செய்யுங்கள். கப்பைக் கழுவித் துடைத்துக் காலியாக மாட்டுங்கள். என்ஜினை ஓட்டக் கூடாது. சாவியை எடுத்து மடியில் முடிந்துகொள்ளுங்கள். முதலில் ஜாயிண்டில் மட்டும் செம்பால் மெதுவாகத் தண்ணீர் விட்டு, கப்பைக் கழற்றிப் பாருங்கள். அது காய்ந்திருந்தால் தொப்பிக்கு மேலே விடுங்கள், மறுபடி பாருங்கள். கடைசியாகப் பக்கவாட்டில் வீசுங்கள். எல்லா இடத்திலும் ஒரேயடியாக ஊற்றினால் எந்த வழி என்று தெரியாது. பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அதைத்தான் செய்துவிட்டு வருகிறார்கள்.

தண்ணீரின் நிறத்தையும் பாருங்கள். தெளிந்து தனியாக நின்றால் வண்டி நின்றபோது இறங்கியது. மோர் நிறமாகக் கலங்கியிருந்தால் தண்ணீரோடு என்ஜின் ஓடியிருக்கிறது. சேறு கலந்திருந்தால் தொழி அடிக்கும்போது கேஜ் வீல் (சேற்றுக்கு மாட்டும் இரும்புச் சக்கரம்) வாரி இறைத்தது. உங்கள் பாட்டிலில் முதல் இரண்டும் இருக்கிறது. அதனால் டிப் ஸ்டிக்கையும் உருவிப் பார்த்துவிடுங்கள். என்ஜின் ஆயிலும் வெளுத்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கப்பில் மட்டம் ஏறுவதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். எங்கள் பட்டறை வாசலிலேயே நடந்தது. ஆயில் கோட்டுக்கு மேல் நின்ற வண்டியை ஒருவர் ரேஸ் பண்ணினார். என்ஜின் அந்த ஆயிலையே இழுத்து எரிக்க ஆரம்பித்துவிட்டது. ஸ்டாப் கம்பியை இழுத்தும் நிற்கவில்லை. எப்படி நிற்கும்? அந்தக் கம்பி நிறுத்துவது பம்ப் அனுப்பும் டீசலைத்தான். சத்தம் ஏறிக்கொண்டே போகிறது, தெருவே புகை, ஓட்டியவர் குதித்து ஓடிவிட்டார். பலகை ஒன்றை எடுத்துக் காற்று போகும் வாயை அடைத்த பிறகுதான் அடங்கியது. கையால் அடைக்கக் கூடாது, பனியனைச் சுருட்டி வைக்கவும் கூடாது, இழுத்துக்கொள்ளும். டாப் கியரைப் போட்டு, பிரேக்கை மிதித்தபடி கிளட்சை விட்டும் அணைக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் சீட்டில் உட்கார்ந்திருக்க மனம் திடமாக இருக்க வேண்டும்.


தேரிக்காடு (திசையன்விளை)

இங்கே சாரலும் கிடையாது, தொழியும் கிடையாது. செம்மண் தூசிதான். எங்கள் கப்பில் அடியில் தங்குவது சிவப்புச் சகதி. அதற்காக நான் தூசிக் காலத்தில் தினமும் கழற்றுகிறவன். மார்கழிப் பனியில் சில நாள் கப்பின் உள்சுவரில் முத்து முத்தாக வியர்த்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். பனியாலும் தண்ணீர் வரும், ஆனால் அது துடைத்தால் போய்விடுகிற அளவு. மட்டம் ஏறியது என்று யாராவது பனியைக் காரணம் சொன்னால் நம்பாதீர்கள்.

என்ஜினிலிருந்து இறக்கிய கறுப்பு ஆயிலைக் கப்பில் ஊற்றும் பழக்கம் எங்கள் பக்கம் நிறைய. அதில் தண்ணீர் கலந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. புது ஆயில் ஊற்றுங்கள், என்ஜினுக்கு என்ன கிரேடோ அதே.


ஆத்தங்கரை (ஸ்ரீவைகுண்டம்)

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை எங்கள் பக்கம் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை, தாமிரபரணியில் வெள்ளம், செந்தூர் எக்ஸ்பிரஸ் எங்கள் ஸ்டேஷனிலேயே நின்றுவிட்டது. எங்கள் வண்டி பானட் வரைக்கும் முங்கிக் கிடந்தது. கப்பில் தண்ணீர் என்பதெல்லாம் அதற்கு முன்னால் பேச்சே இல்லை.

வெள்ளம் வடிந்ததும் சாவியைப் போடாமல் முதலில் பேட்டரி வயரைக் கழற்றினோம். மெக்கானிக் வந்து இன்ஜெக்டர்களை எடுத்துவிட்டு, கையாலேயே மெதுவாக என்ஜினைச் சுற்றினார். இன்ஜெக்டர் துளைகளிலிருந்து செம்மண் தண்ணீர் பீய்ச்சி அடித்தது, என் சட்டையெல்லாம் கறை. அவர் கணக்குச் சொன்னார்: ஒரு சிலிண்டர் 800 சிசி, கம்ப்ரஷன் 17க்கு 1 என்றால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மிஞ்சும் இடம் 50 மில்லிதான். அதற்கு மேல் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் ஏற வழியில்லை. தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். எங்கள் தெருவிலேயே ஒருவர் அவசரப்பட்டு ஸ்டார்ட் பண்ணி ராடை வளைத்துக்கொண்டார்.

பிறகு சம்ப் நட்டை (என்ஜின் ஆயில் தொட்டியின் அடி நட்டு) திறந்தால் முதலில் வந்தது தண்ணீர், அப்புறம்தான் ஆயில். ஏர் கிளீனரை வலையோடு கழற்றி டீசலில் அலசிக் காய வைத்தோம். மேனிஃபோல்டுக்கு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் பாகம்) போகும் குழாயின் உள்பக்கம் துணி விட்டுத் துடைக்க வேண்டும், அதைப் பலபேர் விட்டுவிடுகிறார்கள். கியர்பாக்ஸ் ஆயில், டீசல் டேங்க், ஸ்டார்ட்டர் மோட்டார் எல்லாம் தனி வேலை. செலவைப் பற்றிப் பேச வேண்டாம்.


வயக்காட்டான் (கடையம்)

அண்ணாச்சி சொன்னது சரி. ஜாயிண்டில் விட்ட தண்ணீர் நேரே கப்புக்கு வந்துவிட்டது. ஓஸ் முன்பக்கம் நன்றாகத்தான் இருக்கிறது. பின்பக்கம் கிளாம்புக்கு அடியில் நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு. ஆனால் பக்கவாட்டில் வீசியபோது தொப்பி வழியாகவும் சில சொட்டு வந்தது, ஆகவே என் சாரலையும் முழுதாகத் தள்ளிவிட முடியாது! அடைமழை நேராக விழுவதால் அந்த வெடிப்பு நனையாமல் தப்பித்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஓஸ், கிளாம்பு இரண்டும் மாற்றியாயிற்று. டிப் ஸ்டிக்கில் ஆயில் நல்ல நிறம்தான். நிறுத்தும்போது தொப்பி மேல் பழைய பெயிண்ட் டப்பாவைக் கவிழ்க்கிறோம். பாலிதீன் பை கட்டலாம் என்று தம்பி சொன்னான். காற்று புகாமல் கட்டினால் உள்ளேயே வியர்க்கும், யாராவது பையோடு ஸ்டார்ட் பண்ணினால் உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று வேண்டாம் என்றேன்.

அண்ணாச்சி, கப்பு வாஷர் கடினமாகிவிட்டது. கடையில் கார்க் வாஷர்தான் இருக்கிறது. போடலாமா?


பட்டறை அண்ணாச்சி (முக்கூடல்)

போடலாம், ஆனால் கார்க் காய்ந்தால் உதிரும். ரப்பர் கிடைத்தால் ரப்பரே போடுங்கள், ஆயில் தாங்குகிற ரப்பராகப் பார்த்து வாங்குங்கள். சைக்கிள் டியூபை வெட்டிப் போட்டால் ஆயிலில் ஊறி உப்பிவிடும். மாட்டிய பிறகு கிளிப் இரண்டு பக்கமும் ஒரே அளவு இறுகுகிறதா பாருங்கள். ஒரு பக்கம் தூக்கி நின்றால் தண்ணீர் வராவிட்டாலும் அந்த இடைவெளியில் தூசி போகும். கழுவாத காற்று நேரே லைனருக்குத்தான் (சிலிண்டரின் உள்சுவர்) போகும்.