ஆமோஸ் பலியையே வேண்டாம் என்றாரா?

தெற்குவாசி: 'பலி கொடு, கூடவே நியாயமும் செய் என்றுதான் தீர்க்கதரிசிகள் சொன்னார்கள்' என்று பூசி மெழுகுவது போதும். வடக்கே இஸ்ரவேல் ராஜ்யத்தில் பேசிய தீர்க்கதரிசி ஆமோஸ், பைபிளில் அவர் பெயரிலுள்ள நூலில் 5:21இல், கடவுள் சொல்வதாக: "உங்கள் பண்டிகைகளைப் பகைத்து வெறுக்கிறேன்." நாலு வசனம் தள்ளி, வனாந்தரத்தில் நாற்பது வருஷம் எனக்குப் பலியிட்டீர்களா என்று கேள்வி. எரேமியா 7:22 இன்னும் பச்சை: எகிப்திலிருந்து கூட்டிவந்த நாளில் தகனபலி பற்றிப் பேசவேயில்லையாம். பலிமுறையே இடையில் ஏறிய சுமை என்பதுதான் இவர்கள் கட்சி.

ஓலைச்சுவடி: ஏசாயா முதல் அதிகாரத்தை ஏன் தாண்டிப் போகிறீர்கள்? அங்கே காளை இரத்தம் மட்டுமா அடிபடுகிறது? மாதப்பிறப்பு, ஓய்வுநாள், கடைசியில் ஜெபமும்: "மிகுதியாய் ஜெபம்பண்ணினாலும் கேளேன்." ஜெபத்தையே ஒழிக்கச் சொன்னார் என்பீர்களோ? உங்கள் கைகளில் இரத்தம் என்று அதே வசனம் காரணம் சொல்கிறது. ஏசாயாவின் உதட்டைத் தொட்ட நெருப்புத்தழலே பலிபீடத்திலிருந்து எடுத்தது, ஐயா.

தெற்குவாசி: ஏசாயா ஆலயமிருந்த எருசலேம்காரர். ஆமோஸ் தெற்கு ராஜ்யமான யூதாவின் தெக்கோவாவில் மந்தை மேய்த்தவர், காட்டத்திப் பழம் பார்த்தவர். 'யூதாவுக்கு ஓடிப்போய்ப் பிழை, பெத்தேல் ராஜாவின் ஸ்தலம்' என்று வடக்கே பெத்தேல் கோவிலின் ஆசாரியன் அமத்சியா விரட்டினானே! இருவரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

களிமண்: பலியைப் பிடித்துக்கொண்டு கடனாளியை இரண்டு பேரும் விட்டுவிட்டீர்கள். ஆமோஸ் 2:8: அடகு வாங்கிய வஸ்திரத்தைப் பலிபீடத்தருகே விரித்துப் படுக்கிறார்கள். யாத்திராகமம் 22:26 படி பொழுது சாயுமுன் அதைத் திருப்பித் தரவேண்டும். ஏழைக்கு இரவில் போர்த்த வேறில்லை. வெறும் உபதேசப் பேச்சு என்று நினைக்காதீர்கள். 1960இல் இஸ்ரேலின் யவ்னே கடலோரத்தில் மெசாத் ஹஷவ்யாகு என்ற இடத்தில், கி.மு. 7ஆம் நூற்றாண்டில் எழுதிய ஓட்டுச்சில்லு (உடைந்த மண்பாண்டத் துண்டு) ஒன்று கிடைத்தது. அறுவடைக் கூலியாள் அதிகாரிக்குக் கொடுத்த மனு அது. தானியத்தை அளந்து சேர்த்த பிறகும் ஓசயாகு என்பவன் என் வஸ்திரத்தைப் பிடுங்கிக்கொண்டான், வெயிலில் கூட அறுத்தவர்கள் சாட்சி, மீட்டுக்கொடுங்கள் என்கிறான். ஆமோஸுக்கு நூறு வருஷத்துக்கு மேல் பின்னால். இத்தனைக்குப் பிறகும் அதே வஸ்திரம்!

ஓலைச்சுவடி: அருமை, இதை நான் அறிந்ததில்லை. ஆமோஸ் 8:5ஐயும் பக்கத்தில் வையுங்கள். மாதப்பிறப்பும் ஓய்வுநாளும் எப்போது முடியும், தானியம் விற்கவேண்டுமே என்று தவிக்கிற வியாபாரிகள்; மரக்கால் சின்னது, எடைக்கல் பெரியது, தராசு கள்ளம். ஆனால் ஓய்வுநாளை மீறவில்லை பாருங்கள், கடையை அடைத்துவிட்டுத்தான் புலம்புகிறார்கள்.

தெற்குவாசி: பண்டிகை ஒருவனையும் திருத்தவில்லை என்றுதானே ஆகிறது? என் கட்சியைத்தான் பேசுகிறீர்கள்.

ஓலைச்சுவடி: திருத்தவில்லை, தடுத்தது. அன்று ஒரு நாளாவது கள்ளத்தராசு சும்மா கிடந்தது. அந்த நாளைப் பறிக்க ஆமோஸ் ஏன் விரும்புவார்?

தெற்குவாசி: ஐந்து வசனம் தள்ளிப் படியுங்கள். உங்கள் பண்டிகைகளைத் துக்கமாக மாற்றுவேன் என்கிறார். பறிக்காமல் வேறென்ன?

ஓலைச்சுவடி: அது தண்டனை. பண்டிகை தப்பு என்ற தீர்ப்பு அதில் எங்கே இருக்கிறது?