‘வெட்ஜ் இஷ்யூ’வுக்குத் தமிழ்: ‘அணிபிளப்பு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்

முத்தியால்பேட்டை, புதுச்சேரியிலிருந்து

குழுவினருக்கு வணக்கம்.

அதிபர் தேர்தல் கலைச்சொல் பட்டியலில் ‘வெட்ஜ் இஷ்யூ’ (wedge issue, எதிராளியின் ஆதரவாளர்களைப் பிளக்க வேட்பாளர் எடுத்துப் பேசும் விஷயம்) மட்டும் இன்னும் இழுபறியில் நிற்கிறது. கடலூர் ஐயா ‘பிளவுப் பிரச்சினை’ போதும் என்கிறார். வில்லியனூர்த் தம்பி ‘ஆப்பு’ என்றே போட்டுவிடலாம் என்கிறார். எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. ‘அணிபிளப்பு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

புதுச்சேரியில் இது அகராதிக்கான வேலை மட்டும் அல்ல. 1962இல் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்களின் பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் இன்றும் பிரான்ஸ் அதிபர் தேர்தலில் இங்கிருந்தே வாக்களிக்கிறார்கள். அவர்களில் பலருக்குப் பிரெஞ்சு படிக்க வராது. சொல்தாவாக (பிரெஞ்சுப் படைவீரராக) இருந்து மறைந்த கணவரின் பென்ஷனை வாங்கும் அம்மாக்களிடம் வேட்பாளருக்கு ஒரு சீட்டாக அச்சடித்த வாக்குச்சீட்டுகள் இருக்கும். எந்த வேட்பாளர் எதற்காக நிற்கிறார் என்பதை யாராவது தமிழில் சொன்னால்தான் உண்டு. 2027 தேர்தலுக்கு முன்னால் அவர்களுக்காக ஒரு சிறு கையேடு தயாரித்துக்கொண்டிருக்கிறோம். முக்காடு, குடியேற்றம், தன்பாலினத் திருமணம் எல்லாம் அதில் வரும். இவற்றை வேட்பாளர்கள் எப்படிக் கையாள்கிறார்கள் என்று எழுதும்போது தவறான சொல் விழுந்தால் பழி தவறான ஆள் மேல் போய் விழும். அதனால்தான் பிடிவாதமாக நிற்கிறேன்.

> மக்கள் கருத்து இரண்டாகப் பிளந்து நிற்கிற விஷயம் என்பதுதானே பொருள்? ‘பிளவுப் பிரச்சினை’ தெளிவாகத்தானே இருக்கிறது?

இல்லை ஐயா. கருத்து பிளந்து நிற்கும் விஷயங்கள் எந்த நாட்டிலும் ஏராளம். அவற்றில் ஒன்றை ஒரு வேட்பாளர் பொறுக்கியெடுத்து, எதிராளியை ஆதரிப்பவர்களுக்கு நடுவே செருகுகிறார். நமக்குப் பெயர் வேண்டியது அந்தச் செயலுக்கு. ‘பிளவுப் பிரச்சினை’ என்று எழுதினால் பிளவு அந்த விஷயத்திலேயே ஊறிக் கிடக்கிறது என்று ஆகிவிடுகிறது. செருகியவர் காணாமல் போகிறார். திருமணம் செய்துகொள்ள அனுமதி கேட்ட இரண்டு பெண்களும், முக்காடு போட்டுக்கொண்டு கடைக்குப் போகிற அம்மாவும் நாட்டைப் பிளந்தவர்களாகத் தெரிகிறார்கள். இது அநியாயம்.

அமெரிக்காவின் 2004 தேர்தலை எடுத்துக்கொள்வோம். 2003 நவம்பரில் மாசசூசெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்துக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. 2004 பிப்ரவரியில், தேர்தல் ஆண்டு தொடங்கிய சூட்டோடு, அதிபர் ஜார்ஜ் புஷ் இதைத் தடுக்க அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டும் என்றார். மே 17 அன்று மாசசூசெட்ஸில் திருமணங்கள் தொடங்கின. நவம்பர் 2 அன்று அதிபர் தேர்தலோடு சேர்த்து 11 மாநிலங்களில் இதே விஷயத்தில் வாக்கெடுப்பு நடந்தது. 11 மாநிலங்களிலும் தடை வென்றது.

புஷ்ஷின் எதிராளி ஜான் கெர்ரி அதே மாசசூசெட்ஸின் செனட்டர். அவர் பின்னால் நகரத்து இளைஞர்கள் இருந்தார்கள், ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகும் கறுப்பின மக்கள் இருந்தார்கள், கத்தோலிக்கத் தொழிலாளர்கள் இருந்தார்கள். வேலை, கூலி, மருத்துவக் காப்பீடு என்று பேசும்வரை இவர்கள் ஒன்றாக நின்றார்கள். திருமணம் என்ற ஒரு சொல் நடுவே வந்ததும் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள். கெர்ரி, திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும்தான், ஆனால் சேர்ந்து வாழும் தன்பாலின இணையர்களுக்குச் சட்ட உரிமை கொடுக்கலாம், அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டாம் என்றார். இரண்டு பக்கமும் திருப்தி இல்லை. புஷ் பக்கத்தில் அந்தச் சிக்கல் பெரிதாக எழவில்லை. ஒஹாயோவில் புஷ் ஏறக்குறைய 1,18,000 வாக்குகளில் வென்றதற்கு அங்கே நடந்த வாக்கெடுப்புதான் காரணமா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றுவரை ஒத்த கருத்து இல்லை. நம் சொல்லுக்கு அது முக்கியமில்லை. நோக்கம் எதிராளியின் அணியைப் பிளப்பது என்பது போதும்.

இன்னொன்றையும் பாருங்கள். எது செருகப்படுகிறதோ அது நிலையானது அல்ல. 2008இல் திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில் என்றே சொல்லிவந்த ஒபாமா, 2012 மே 9 அன்று, மறுதேர்தலுக்கு ஆறே மாதம் இருக்கும்போது, தன்பாலினத் திருமணத்தை ஆதரிப்பதாக வெளிப்படையாகச் சொன்னார். நவம்பரில் வென்றார். எட்டு ஆண்டுகளில் அந்த விஷயத்தின் கூர் மழுங்கிவிட்டது. கருக்கலைப்போ பக்கமே மாறிவிட்டது. பல பத்தாண்டுகள் குடியரசுக் கட்சி வேட்பாளர்கள் அதைக் கையில் எடுத்து ஜனநாயகக் கட்சியின் கத்தோலிக்க வாக்காளர்களைக் குறிவைத்தார்கள். 2022 ஜூன் 24 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உரிமையைப் பறித்த பிறகு நிலைமை தலைகீழ். 2024இல் கமலா ஹாரிஸ்தான் அதைப் போகுமிடமெல்லாம் பேசினார். நீதிபதிகளை நியமித்து அந்தத் தீர்ப்புக்கு வழி செய்த டிரம்ப், அது அந்தந்த மாநிலத்தின் முடிவு என்று 2024 ஏப்ரலில் அறிவித்து ஒதுங்கிக்கொள்ளப் பார்த்தார். புளோரிடாவில் கருக்கலைப்பு உரிமைத் திருத்தத்துக்கு 57 சதவீத ஆதரவு கிடைத்தது, தேவைப்பட்ட 60 கிடைக்கவில்லை. அதே புளோரிடாவில் டிரம்ப் வென்றார். இரண்டுக்கும் சேர்த்து வாக்களித்தவர்கள் இருந்தால்தானே இது நடக்கும்? பிளவு அவர் அணிக்குள்ளேயே ஓடியது.

விஷயம் ஒன்றே, பிளக்கப்பட்ட அணி வேறு. ஆகவே பெயர் விஷயத்தோடு ஒட்டக் கூடாது.

‘ஆப்பு’ பற்றி. மூலச்சொல்லின் உருவகம் அதுதான். கட்டையின் வெடிப்பில் செருகி அடித்துப் பிளக்கிற ஆப்பு. ஆனால் தம்பி, இன்று தமிழில் ஒருவருக்கு ‘ஆப்பு வைத்துவிட்டான்’ என்றால் அவரைக் கவிழ்த்துவிட்டான் என்றுதான் எவரும் புரிந்துகொள்வார்கள். ‘ஹாரிஸ் டிரம்புக்கு வைத்த ஆப்பு’ என்று கையேட்டில் எழுதினால் அது மீம் ஆகிவிடும். அதோடு நம் வழக்கில் ஆப்பு ஓர் ஆளுக்கு வைப்பது. இங்கே பிளக்கப்படுவது கூட்டம்.

சந்தி பற்றியும் கேள்வி வந்திருந்தது. ‘அணிதிரட்டல்’ என்று இயல்பாகவே எழுதுகிறோம், நடுவே ஒற்று போடுவதில்லை. மொழிபெயர்ப்பும் அப்படியே. அந்த வழியில் ‘அணிபிளப்பு’. இந்த ‘அணிதிரட்டல்’ நமக்குக் கிடைத்த பெரிய உதவி. தன் பக்கத்தைக் கெட்டிப்படுத்துவது ஒன்று, எதிர்ப்பக்கத்தை உடைப்பது வேறொன்று. ஆங்கிலப் பத்திரிகைகளே இரண்டையும் குழப்புகின்றன. இலங்கையில் 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பின் வந்த அதிபர் தேர்தலில் கோத்தபய ராஜபக்ச பாதுகாப்பைப் பேசி 52.25 சதவீதம் பெற்றார். பதவியேற்றபோது சிங்கள வாக்குகளால் வென்றேன் என்று தானே சொன்னார். வடக்கும் கிழக்கும் பெருமளவில் சஜித் பிரேமதாசவுக்கு வாக்களித்தன. அதில் மேலோங்கி நின்றது ஒரு பெரும்பான்மையின் அணிதிரட்டல். இரண்டு சொற்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் வாசகர் வேறுபாட்டைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்.

உங்கள் கருத்துகளை எழுதுங்கள்.

———

மஞ்சக்குப்பம், கடலூரிலிருந்து

அன்புள்ள அம்மா,

நீண்ட விளக்கத்துக்கு நன்றி. ‘பிளவுப் பிரச்சினை’யை நான் விட்டுவிடுகிறேன், ஆனால் மூன்று சந்தேகங்கள்.

முதலாவது, ‘அணி’ என்றால் நம் ஊரில் கட்சிக் கூட்டணி. தேர்தல் நேரத்தில் எந்தக் கட்சி எந்த அணி என்பதுதானே டீக்கடைப் பேச்சு? ‘அணிபிளப்பு’ என்றால் கூட்டணியிலிருந்து ஒரு கட்சியை இழுத்துவிட்டார்கள் என்று படிப்பார்கள்.

இரண்டாவது, சொல்லை நம் மண்ணில் வைத்துப் பார்க்க வேண்டும். மதுவிலக்கு அணிபிளப்பா? 2016 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுக்க அதே பேச்சு. நானோ எல்லையில் இருக்கிறேன். கன்னியக்கோயில் தாண்டினால் உங்கள் ஊர்க் கடைகள்.

மூன்றாவது, எல்லாக் கடினமான விஷயமும் தந்திரமாகத்தான் பேசப்படுமா? வேட்பாளர் மனசாட்சிப்படி ஒன்றைச் சொல்லி, அதனால் எதிரணி பிளந்தால் அதையும் இந்தச் சொல்லால் குற்றம் சாட்டுவீர்களா? இது எனக்கு முக்கியமான கேள்வி. பேசவே கூடாது என்று ஒரு கலைச்சொல் சொல்லித்தரக் கூடாது.

கூடவே ஒரு யோசனை. டிரம்ப் மாநிலங்களிடம் தள்ளிவிட்டதைச் சொன்னீர்களே, தன் அணி பிளக்காமல் பார்த்துக்கொள்கிற அந்த வேலைக்கு ‘அணிகாப்பு’ என்று வைக்கலாமா?

———

முத்தியால்பேட்டை, புதுச்சேரியிலிருந்து

ஐயா, ‘அணிகாப்பு’ அருமை. அப்படியே பட்டியலில் சேர்க்கிறேன்.

கூட்டணிக் குழப்பம் உண்மைதான். ஆனால் ‘அணி’ கட்சிகளுக்கு மட்டும் உரியதாகிவிடவில்லை. மாணவர் அணி, மகளிர் அணி என்கிறோம், எந்த ஆட்கூட்டத்துக்கும் பொருந்துகிறது. முதல்முறை வரும் இடத்தில் ‘எதிர் வேட்பாளரின் ஆதரவாளர்களைப் பிளக்கும் உத்தி’ என்று ஒரு வரி விளக்கம் கொடுத்துவிட்டால் போதும்.

மதுவிலக்கைச் சோதனையாக வைத்தது நல்லது. 2016இல் தி.மு.க. மதுவிலக்கு என்றது, அ.தி.மு.க. படிப்படியாக என்றது, பா.ம.க. முதல் கையெழுத்தே அதற்குத்தான் என்றது. எல்லோரும் ஒரே பக்கம் நின்றுகொண்டால் யாருடைய அணியைப் பிளப்பது? அது போட்டி வாக்குறுதி. எங்கள் பக்கத்தில் கலால் வருமானம் பெரிது, அதனால் அந்தப் பேச்சு மேடை ஏறுவதே அரிது.

மூன்றாவது கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன். பிரான்சின் 1981 தேர்தலைப் பார்க்கலாம். அப்போது அங்கே மரண தண்டனை சட்டத்தில் இருந்தது. கடைசியாக 1977 செப்டம்பரில் மார்செய் நகரில் ஒருவரின் தலையை வெட்டியிருந்தார்கள். மக்களில் பெரும்பான்மை தண்டனை இருக்கட்டும் என்ற பக்கம்தான். வேட்பாளர் பிரான்சுவா மித்தரான் 1981 மார்ச் 16 அன்று தொலைக்காட்சியில், மனசாட்சியின் அடி ஆழத்தில் நான் மரண தண்டனைக்கு எதிரானவன் என்றார். பெரும்பான்மை எதிராக இருப்பது தெரிந்தும் சொல்கிறேன் என்பதையும் மறைக்கவில்லை. மே 10 அன்று வென்றார். அவருடைய நீதி அமைச்சர் ரொபேர் பதாந்தேர் கொண்டுவந்த சட்டம் செப்டம்பர் 18 அன்று தேசிய மன்றத்தில் 363க்கு 117 என்று நிறைவேறியது. அக்டோபர் 9 முதல் அது சட்டம்.

இதுவும் நாட்டைப் பிளந்து நின்ற விஷயம்தான். ஆனால் மித்தரான் அதை எதிராளியின் ஆட்களுக்கு நடுவே செருகவில்லை. தன் வாக்குகளையே பணயம் வைத்தார். நான் வைக்கும் சோதனை இதுதான்: சொல்கிறவர் அதனால் எதையாவது இழக்கக்கூடுமா? வென்ற பிறகு சொன்னதைச் செய்தாரா? இரண்டுக்கும் ஆம் என்றால் அது அணிபிளப்பு அல்ல, ‘நிலைப்பாடு’. புதுச்சொல் தேவையே இல்லை. நீங்கள் அஞ்சியதற்கு மாறாக, இந்தச் சொல் இருந்தால் மித்தரான் போன்றவர்களைத் தனியே மதிக்க முடியும். ‘பிளவுப் பிரச்சினை’யில் அவரும் மற்றவர்களும் ஒரே மூட்டையில் போய்விடுவார்கள்.

பிரான்சின் 2022 அதிபர் தேர்தலையும் கையேட்டில் சேர்க்கிறேன். பொது இடங்களில் முக்காட்டைத் தடைசெய்வேன் என்று மக்ரோனை எதிர்த்து நின்ற மரின் லெ பென் சொல்லியிருந்தார். ஏப்ரல் 20 விவாதத்தில் மக்ரோன், நீங்கள் உள்நாட்டுப் போரையே உண்டாக்குவீர்கள் என்று நேருக்கு நேர் சொன்னார். 24 அன்று மக்ரோன் 58.55, லெ பென் 41.45 சதவீதம். காரைக்காலில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள முஸ்லிம் குடும்பங்கள் இருக்கின்றன. அந்தத் தடை அவர்களுடைய பிள்ளைகளைப் பாரிஸ் தெருவில் தொடும் விஷயம். அவர்கள் வீட்டுக்குப் போகும் கையேட்டில் முக்காட்டை ‘பிளவுப் பிரச்சினை’ என்று அச்சடிக்க என் கை வராது.

‘டாக் விசில்’ (வெளிப்படையாகச் சொல்லாமல், குறிப்பிட்டவர்களுக்கு மட்டும் புரியும்படி பேசுவது) பற்றி வில்லியனூர்த் தம்பி தனியாகக் கேட்டிருந்தார். அதற்கு நம்மிடம் ‘சாடைப் பேச்சு’ இருக்கிறது, வேறு எதையும் தேட வேண்டாம். 1968இல் நிக்சன் ‘சட்டம் ஒழுங்கு’ என்று சொல்லும்போது அதில் கறுப்பினத்தவரைப் பற்றிய சாடை இருந்தது என்பார்கள். கேட்க வேண்டியவர்களுக்குக் கேட்டது.

கையேட்டுக்கான வரிகள் இவை:

“வேட்பாளர் ஒரு விஷயத்தைப் பேசுவது உங்கள் வாழ்க்கையை மாற்றவா, எதிராளிக்கு வாக்களிப்பவர்களுக்குள் சண்டை மூட்டவா என்று கேளுங்கள். இரண்டாவதை அணிபிளப்பு என்கிறோம். தன் ஆட்களுக்குள் சண்டை வராமல் இருக்க விஷயத்தைத் தள்ளிப்போடுவது அணிகாப்பு.”

காரைக்கால் அக்கா, உங்கள் தெருவில் வாக்குள்ள இரண்டு மூன்று பெரியவர்களுக்கு இதை வாசித்துக்காட்ட முடியுமா? அவர்கள் எந்தச் சொல்லில் நின்று திரும்பக் கேட்கிறார்களோ அதை மட்டும் எழுதுங்கள். வரும் ஞாயிறுக்குள் கிடைத்தால் அச்சுக்குக் கொடுக்கும் முன் திருத்திவிடலாம்.