கார் ஷெட்டுக்கு மரமா, இரும்பா, அலுமினியமா? (கோத்தகிரி, ரோடு மட்டத்தில் ஷெட்)

ஹட்டிக்காரன்:

வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில் (படுகர் ஊரில்) வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். மலையில் பல வீடுகள் போலத்தான், ரோடு மேலே, வீடு கீழே, 22 படி இறங்க வேண்டும். அதனால் கார் ஷெட் மட்டும் ரோடு மட்டத்தில் தனியாக நிற்கிறது. திறப்பு 9 அடி அகலம், 7 அடி உயரம். சுவரும் மேல் கான்கிரீட்டும் முடிந்துவிட்டன, கதவுதான் பாக்கி, அதில்தான் மூன்று மாதமாக வீட்டில் பஞ்சாயத்து.

மாமனாருக்கு மரக்கதவுதான் வேண்டுமாம். தோட்டத்தில் சில்வர் ஓக் நிற்கிறது, அதையே அறுத்துப் போடலாம் என்கிறார். மேஸ்திரி இரும்பு ஷட்டர் போடுங்கள், பத்து வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்கிறார். கோவையில் இருக்கும் தம்பி அலுமினியம், மோட்டார், ரிமோட் என்று படம் படமாக அனுப்புகிறான். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே எப்படிப் பெய்யும் என்று தெரியும், 2009 நவம்பர் மழையையும் மண்சரிவையும் யாரும் மறக்கவில்லை. மழை இல்லாத நாளிலும் மேகம் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. போதாக்குறைக்குப் போன மாதம் கீழ்த்தெருவில் கரடி ஒரு பெட்டிக்கடைக் கதவைப் பெயர்த்து எண்ணெய் டின்னை உருட்டிக்கொண்டு போயிருக்கிறது. எதைப் போடலாம், சொல்லுங்கள்.

பட்டறை (மேட்டுப்பாளையம்):

முதலில் ஒன்று சொல்லுங்கள், ஷெட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவில் எவ்வளவு இடம்? அதற்கப்புறம்தான் மரமா இரும்பா என்கிற பேச்சே. 9 அடித் திறப்பில் இரட்டைக் கதவு போட்டால் ஒவ்வொரு பக்கமும் நாலரை அடி வெளியே வீசும். ரோட்டில் பஸ் வந்தால் என்ன செய்வீர்கள்? உள்பக்கம் திறக்கிற மாதிரி போட்டால் கார் நிற்க வேண்டிய இடத்தைக் கதவு தின்றுவிடும்.

நான் இருபது வருஷமாக மலைக்கு ஷட்டர் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். இரும்பு என்று வந்தால் சாதா இரும்பு வேண்டாம், ஜிஐ (துத்தநாகப் பூச்சு போட்ட இரும்பு) வாங்குங்கள், இல்லாவிட்டால் கால்வால்யூம். கால்வால்யூம் என்றால் இரும்புத் தகட்டின் மேல் 55 சதவீதம் அலுமினியம், ஏறக்குறைய 43.5 சதவீதம் துத்தநாகம், மிச்சம் சிலிக்கான் கலந்த பூச்சு, ஈரத்துக்கு வெறும் ஜிஐயைவிட நன்றாகவே தாங்கும். கேஜ், அதாவது தகட்டின் தடிமன் நம்பர், அதில் ஏமாறாதீர்கள், நம்பர் கூடக்கூடத் தகடு மெலிசு. 18 கேஜ் 1.2 மி.மீ., 20 கேஜ் 0.9 மி.மீ. பக்கம், 22 கேஜ் அதைவிட மெலிசு. 22 போட்டுவிட்டு 18க்குக் காசு வாங்குகிற ஆளும் உண்டு, அதனால் தகட்டின் ஓரத்தில் தடிமன் அளக்கிற வெர்னியர் வைத்துப் பார்த்து வாங்குங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்று. ஜிஐயை வெல்டிங் வைத்தால் அந்த இடத்தில் பூச்சு எரிந்து போய்விடும். துரு அங்கேதான் ஆரம்பிக்கும். வெல்டிங் அடித்ததும் கசடைத் தட்டிவிட்டு ஜிங்க் பிரைமர் பூசச் சொல்லுங்கள், கூடவே நின்று பாருங்கள். பாக்ஸ் பைப்பில் பிரேம் அடித்தால் அடியில் ஒரு சின்ன ஓட்டை போடச் சொல்லுங்கள். பைப்புக்குள் இறங்குகிற தண்ணீருக்குப் போக வழி இல்லாமல், வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே ஓட்டையாகிவிட்ட கேட்டை நான் எத்தனையோ கழற்றியிருக்கிறேன்.

ஹட்டிக்காரன்:

நாலடிதான் இருக்கிறது அண்ணா. அப்போ வெளியே திறக்கிற கதவு அவுட். மாமனாரிடம் யார் சொல்வது என்பதுதான் இப்போது கேள்வி.

குன்னூர் மழை:

மாமனார் பக்கம் பேச ஒருத்தராவது வேண்டாமா, நான் பேசுகிறேன். எங்கள் வீட்டு ஷெட்டுக்கு அப்பா காலத்து மரக்கதவுதான். மரத்தில் ஒரு நல்ல குணம், பனிக்காலத்தில் உள்பக்கம் வியர்க்காது. ஆனால் சில்வர் ஓக் வேண்டவே வேண்டாம், அது ஜன்னல் சட்டம், மேஜை, பெட்டி மாதிரி உள்வேலைக்குச் சரி, வெளியே மழையில் நின்று உழைக்கிற மரமல்ல. கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) அப்படித்தான், காயும்போதே முறுக்கிக்கொள்ளும். இன்னொரு விஷயம், சொந்தத் தோட்டம் என்று நினைத்ததும் வெட்டிவிட முடியாது, மலைப் பகுதி மரங்களுக்கு 1955லேயே சட்டம் இருக்கிறது, அனுமதி வாங்க வேண்டும். மரம்தான் என்றால் நன்றாகக் காய்ந்த தேக்கு, அதன் விலையைக் கேட்டால் மாமனாரே மனசு மாறிவிடுவார்.

எங்கள் கதவு தேக்குதான், இருந்தும் அடியில் ஆறு அங்குலம் மட்டும் இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. மழை நேராக அடித்து மரம் கெடுவது குறைவு, தரையில் விழுந்து தெறிக்கிற தண்ணீர்தான் கெடுக்கிறது. அதுவும் பலகையின் வெட்டுமுகம் கீழே பார்த்து இருந்தால் பஞ்சு மாதிரி உறிஞ்சும். கதவைத் தூக்கிக் கழற்றி அந்த வெட்டுமுகத்துக்கு மூன்று கோட் அடித்தபிறகுதான் நின்றது. ஐப்பசியில் மூடாது, மாசியில் ஆடும், அதற்கு இடம் விட்டுத்தான் தச்சர் அறுக்க வேண்டும். வருஷா வருஷம் மழைக்கு முன்னால் எண்ணெய் பூச வேண்டும். கரடி இருக்கிற ஊரில் கதவுக்கு ஆளிவிதை எண்ணெய் பூசுவதா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எடையையும் பாருங்கள். உங்கள் அளவுக்கு ஒன்றேகால் அங்குலத் தேக்கு என்றால் நூற்று இருபது கிலோ பக்கம் வரும். கீல் தாங்கினாலும் கீல் மாட்டுகிற நிலை தாங்க வேண்டுமே.

தலைக்குந்தா:

மேலே வியர்வை பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு. அதை யாரும் முதலில் சொல்வதில்லை, நானும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் பக்கம் மார்கழி, தையில் உறைபனி விழும் என்று உங்களுக்கே தெரியும். நாலு பக்கமும் காற்றுப் புகாமல் அடைத்து, தகட்டுக் கதவு போட்டு, அடியில் ரப்பர் வேறு ஒட்டினேன், ரொம்பப் புத்திசாலித்தனமாக. மழையில் நனைந்த காரை இன்ஜின் சூட்டோடு உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினால் அந்த ஈரமெல்லாம் ஆவியாகி உள்ளேயே நிற்கிறது. ராத்திரி தகடு சில்லிட்டதும் அதன்மேல் தண்ணீராகப் படிகிறது. விடிகாலையில் டார்ச் அடித்துப் பார்த்தேன், கதவின் உள்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் துளி, நடுப் பட்டையில் கோடு போட்டு வழிந்து, கீழே மூலையில் வைத்திருந்த விதைப் பூண்டு மூட்டையில் சொட்டிக்கொண்டிருந்தது. மூட்டை அடியில் கறுத்துப்போய்விட்டது. காரின் சைலன்சரும் அதே வருஷம்தான் போனது, அதற்கும் இதுதான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

இது இரும்புக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். அலுமினியம் இரும்பைவிட வேகமாகச் சூட்டைக் கடத்தும், அதுவும் வியர்க்கும், துருப்பிடிக்காது என்பது மட்டும்தான் வித்தியாசம். இரண்டு தகட்டுக்கு நடுவில் சூட்டைக் கடத்தாத பஃப் நுரை வைத்த கதவு இருக்கிறது, வியர்க்காது, விலை எகிறும். நான் என்ன செய்தேன் என்றால், ரப்பரைப் பிய்த்துப் போட்டுவிட்டு பின்சுவரில் மேலே இரண்டு, கீழே இரண்டு ஜாலி (காற்றுப் போக ஓட்டை உள்ள கல்) வைத்தேன், எலி வராமல் கம்பி வலை அடித்து. ஆயிரம் ரூபாய் கூட ஆகவில்லை. அடுத்த பனிக்குச் சொட்டவில்லை. கதவு எதுவாக இருந்தாலும் காற்றுக்கு வழி விடுங்கள், கான்கிரீட்டில் பெயின்ட் அடிப்பதற்கு முன்னாலேயே.

கோடை அக்கா:

தம்பியின் மோட்டாருக்கு ஒரு வார்த்தை. நான் கொடைக்கானல். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது மரம் சாய்ந்து கரண்டே இல்லாமல் கிடந்தோம். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் மோட்டார் ஷட்டர், கையால் தூக்குகிற செயின் எங்கே என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை, காரை வெளியே எடுக்கவே முடியவில்லை. மோட்டார் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் கையால் திறக்கிற ஏற்பாடு இருக்கிறதா என்று பார்த்து, வீட்டில் இருக்கிற எல்லோரையும் ஒரு தடவை தூக்க வைத்துப் பாருங்கள்.

அலுமினியம் எடுத்தால் ஸ்குரூ எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். சாதா இரும்பு ஸ்குரூ போட்டால் ஈரத்தில் ஸ்குரூவும் போகும், அதைச் சுற்றி அலுமினியமும் வெள்ளையாகப் பொரிந்துவிடும். அப்புறம் அலுமினியம் மெத்தென்று இருக்கும், காட்டெருமை லேசாக உரசினாலே பள்ளம் விழும். கரடியைப் பற்றி எனக்குத் தெரியாது, ஆனால் எண்ணெய், அரிசி, கருவாடு எதையும் ஷெட்டில் வைக்காதீர்கள், அதற்கு எந்தக் கதவும் பதில் இல்லை.

பட்டறை (மேட்டுப்பாளையம்):

அக்கா சொன்னது சரி. ஹட்டிக்காரரே, ஷட்டர் என்றால் திறப்புக்கு மேலே டிரம் சுருள ஒன்றரை அடியாவது வேண்டும், சீலிங் உயரத்தை அளந்துவிட்டுச் சொல்லுங்கள். இடமில்லை என்று டிரம்மை வெளியே மாட்டுவார்கள், விடாதீர்கள், ஸ்பிரிங் நனைந்தால் அவ்வளவுதான். ரோட்டுத் தண்ணீர் ஷெட்டுக்குள் இறங்குகிற சரிவாக இருந்தால் வாசலுக்குக் குறுக்கே ஒரு காடி வெட்டி மேலே கம்பித் தட்டி போடுங்கள். இல்லாவிட்டால் ஷட்டரின் அடிப்பட்டை தண்ணீரிலேயே நிற்கும், எந்தப் பூச்சும் தாங்காது.

ஹட்டிக்காரன்:

அளந்தேன், ஒன்றே முக்கால் அடி இருக்கிறது. 20 கேஜ் கால்வால்யூம் ஷட்டர், டிரம் உள்பக்கம், இப்போதைக்குக் கையால் தூக்குவது, மோட்டாருக்கு ஒயர் மட்டும் இழுத்து வைக்கிறேன். பின்சுவரில் நாலு ஜாலிக்கு மேஸ்திரி முனகிக்கொண்டே உடைக்கிறார். ஷெட்டிலிருந்து படிக்கு இறங்குகிற சின்னக் கதவு, அதற்கு மேலே சன்ஷேடு இருக்கிறது, மழை படாது, அது மாமனாரின் தேக்கு. சில்வர் ஓக் அப்படியே நிற்கட்டும், அதில் மிளகுக்கொடி ஏற்றியிருக்கிறோம் என்பதை இன்றைக்குத்தான் அவருக்கு ஞாபகப்படுத்தினேன்.